எஃப் வருகிற இடம்

என் கணவருக்கு ஒரேயொரு பாட்டுத்தான் வாசிக்கத் தெரியும். அதுவும் தமிழ்ப் பாட்டல்ல. அவர் ஜேர்மனிக்கு வந்த புதிதில் ஏதோ ஒரு பிரித்தானியக் கிற்றார்க் குழு வெளியிட்ட மெதுவான பாட்டு. மற்றப் பாட்டுகளில் எல்லாம் தகரத்தைத் தெருவில் இழுத்துக்கொண்டு ஓடுகிற மாதிரிச் சத்தம் போடுகிற பெடியன்கள், இந்த ஒன்றில் மட்டும் யாரோ அதட்டிவிட்டதுபோல அடங்கிப் பாடியிருந்தார்கள். அந்தக் காலத்தில் ஒரு பாட்டை மட்டும் தனியாக இசைத்தட்டில் போட்டு விற்பார்கள். சிங்கிள் என்று பெயர். அகதி விடுதியின் பொதுச் சமையலறை வானொலியில் அதைக் கேட்டுவிட்டு, அடுத்த சனிக்கிழமையே கடைக்குப் போய் வாங்கி வந்திருக்கிறார். போட்டுக் கேட்க அவரிடம் கருவி இல்லை. மாதக்கணக்காக அது அவருடைய கட்டிலுக்குப் பக்கத்து யன்னலில் நின்றதாம். உறையில் மழையில் நனைந்த ஒரு பஸ் தரிப்பிடத்தின் படம். அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பாராம். இப்படிப்பட்ட ஒரு மனிதரைத்தான் எனக்குப் பேசிச் செய்துவைத்தார்கள்.

பாட்டில் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. ஒருவன் ஒரு வீட்டு வாசலில் நிற்கிறான். உள்ளே விளக்கு எரிகிறது. கதவைத் தட்டாமல் திரும்பிப் போகிறான். இதற்கு நாலரை நிமிடம். தட்டியிருந்தால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும் என்று நான் சொல்வேன். அவர் சிரிப்பார்.

அதே விடுதியில் இருந்த ஒரு போலந்துக்காரர்தான் அவருக்குக் கிற்றார் பழக்கியவர். அந்தப் பாட்டுக்கு வேண்டிய விரல் பிடிகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். எஃப் என்று ஒரு பிடி இருக்கிறது. ஆட்காட்டி விரலை ஆறு கம்பிக்கும் குறுக்கே படுக்கவைத்து அழுத்த வேண்டும். அதைச் சொல்லிக்கொடுப்பதற்கு முதல் நாள் போலந்துக்காரரை வேறு நகரத்துக்கு மாற்றிவிட்டார்கள். பிறகு இவர் தானாகவே பழகிக்கொண்டார், பிழையாக. அதற்குப் பிறகு ஹம் நகரத்துக்கு வந்து இறைச்சித் தொழிற்சாலையின் குளிரறையில் வேலைக்குச் சேர்ந்ததும் அந்த விரல் படுக்கவே மறுத்துவிட்டது. ஆகவே எஃப் வருகிற இடத்தில் அவர் பாட்டை நிறுத்துவார். குனிந்து கிற்றாரின் கழுத்தைப் பார்ப்பார். விரல்களை ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் வைப்பார். வைத்து முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து பாடுவார். எங்கள் வீட்டில் அந்தப் பாட்டு நாலரை நிமிடமல்ல, ஆறு.

மகள் பிறந்தபோது அதுதான் தாலாட்டு. நான் முதியோர் இல்லத்தில் மாலை வேலைக்குப் போய்விடுவேன். இவர் அவளைக் கட்டிலில் போட்டுவிட்டு வாசிப்பார். பேச்சு வந்த வயதில் அவள் எஃப் வருகிற இடத்தில் ஒரு விரலைத் தூக்கிக்கொண்டு காத்திருப்பாள். அவர் கம்பியைத் தேடி முடித்ததும், "இப்ப!" என்று கத்துவாள். அவள் கத்தினால்தான் அவர் தொடங்குவார். சில நாள் நான் வீட்டில் நின்றிருக்கிறேன். அந்த "இப்ப"வுக்காகவே அவர் வேண்டுமென்று விரலைத் தாமதித்து வைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். எனக்கு வாய் நீளம். அவருடைய குரல் ஈரச்சாக்கை இழுக்கிற சத்தம் என்று அவருக்கே சொல்லியிருக்கிறேன், விருந்தாட்களுக்கு முன்னாலும் சொல்லியிருக்கிறேன். மேல்மாடி ஜேர்மன் கிழவி கூட்டுகிற தும்புக்கட்டையால் தரையை இடித்தபோது, "அவவுக்காவது காது இருக்கு" என்றேன். அதற்குப் பிறகு அவர் கிற்றாரைக் கெல்லருக்குக் கொண்டுபோய்விட்டார். எங்கள் கட்டடத்தின் நிலவறை. எல்லா வீடுகளின் உடுப்புத் தோய்க்கும் மெசின்களும் அங்கேதான் வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்கு நடுவில் ஒரு பழைய முக்காலியைப் போட்டுக்கொண்டு வாசிப்பார். நான் கூடையோடு போனால், "எப்பிடி?" என்று கேட்பார். "நேற்றையைவிட மோசம்" என்பேன். "ஓம், எனக்கும் அப்பிடித்தான் கிடக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பத் தொடங்குவார். என் பேச்சால் அவர் ஒரு நாளும் வாசிப்பதை விட்டதில்லை. அது எங்களுக்கிடையில் நடந்துவந்த ஒரு கொடுக்கல் வாங்கல்.

மகள் ஆஹென் பல்கலைக்கழகத்தில் படிக்கப் போனாள். அங்கே படித்துக்கொண்டிருந்த ஒரு தமிழ்நாட்டுப் பையனைக் கண்டுபிடித்தாள். இரண்டு பேருக்கும் ஸ்டுட்கார்ட்டில் வேலை கிடைத்தது. நல்ல பையன். அவனுடைய தாய் தகப்பன் கோயம்புத்தூரிலிருந்து வந்தார்கள். தகப்பன் வங்கியில் பெரிய உத்தியோகத்தில் இருந்தவர். நான்கு சொல் பேசினால் மூன்று ஆங்கிலம். அவர்கள் முதன்முதல் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று மகள் யன்னல் திரைச்சேலையையே மாற்றச் சொன்னாள். சாப்பிடும்போது இவர் 'டிக்கெட்' என்பதை எங்கள் வாயால் 'ரிக்கற்' என்று சொல்ல, அவள் மேசையைப் பார்த்தாள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அன்றைக்கு ஆட்டிறைச்சி நன்றாக வந்திருந்தது, நான் பரிமாறுவதில் இருந்துவிட்டேன்.

கல்யாணத்தை ஹம்முக்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் வைப்பது என்று முடிவானது. காலையில் தாலி, மாலையில் வரவேற்பு. வரவேற்பில் தான் அந்தப் பாட்டைப் பாடப்போவதாக இவர் சொன்னார். சோற்றைப் பிசைந்துகொண்டு, சாதாரணமாகத்தான் சொன்னார். மகள் எழும்பிப் போய்க் கை கழுவினாள். ஸ்டுட்கார்ட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் எனக்கு ரெலிபோன் அடித்தாள்.

"அம்மா, அப்பாவைப் பாட வேண்டாம் எண்டு சொல்லுங்கோ."

"ஏன்?"

"மாமா ஆக்கள் எல்லாரும் இங்கிலிஷ் தெரிஞ்ச ஆக்கள். அப்பான்ரை இங்கிலிஷ் உங்களுக்குத் தெரியும்தானே. ஆக்கள் வீடியோ எடுத்துப் போடுவினம். எனக்கு ஏலாதம்மா."

"அப்ப நீயே சொல்லு."

"நான் சொன்னா அவர் அழுவார். நீங்கள் சொன்னா அழமாட்டார். உங்களுக்கு எப்பிடியும் சொல்லிப் பழக்கம்தானே."

அது சரிதான். கெல்லருக்கு இறங்கிப் போய்ச் சொன்னேன். பாட வேண்டாம், உங்கள் குரலுக்கும் அந்தச் சபைக்கும் ஒத்துவராது, பிள்ளைக்கு வெட்கமாக இருக்கிறது என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அவர் கிற்றாரை மடியில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒருக்காத்தான்" என்றார். "இவ்வளவு காலமும் இந்த மெசினுகளுக்குத்தான் பாடியிருக்கிறன். ஆக்களுக்கு முன்னாலை ஒருக்காப் பாட வேணும். என்ரை பிள்ளையின்ரை கலியாணத்திலை பாடேல்லையெண்டா பிறகு எங்கை பாடுறது?"

"எஃப் வராது."

"நிப்பாட்டிப்போட்டுப் பாடுவன். அவளுக்குத் தெரியும்தானே அந்த இடம்."

மேலே வந்து மகளுக்கு அடித்து, அப்பா கேட்கிறார் இல்லை, நீ பேசு என்றேன். அவள் அவரோடு பேசினாள். அவர் ரெலிபோனை வைத்துவிட்டு வந்தபோது முகம் முழுக்கச் சிரிப்பு. "பாடுங்கோ அப்பா எண்டு சொல்லிப்போட்டாள்" என்றார். அன்றைக்கு அவளை நினைத்து எனக்கு மனம் குளிர்ந்துபோனது. பிள்ளை பிள்ளைதான் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு தினமும் வேலை முடிந்து வந்ததும் கெல்லர்தான். குளிரறையிலிருந்து வந்த கைகளைச் சுடுதண்ணீரில் ஊறவைத்துவிட்டு இறங்குவார். மகளை ரெலிபோனில் பிடித்து ஒவ்வொரு சொல்லையும் எப்படி உச்சரிப்பது என்று கேட்பார். அவளும் பொறுமையாகத் திருத்துவாள். அதையெல்லாம் பார்த்துத்தான் நான் முழுதாக ஏமாந்தேன்.

இங்கே எங்கள் விழாக்களில் பாடுகிறவர்களைப் பற்றி ஒன்று தெரிய வேண்டும். யாரும் வெறுங்குரலில் பாடுவதில்லை. இசையைப் பதிவிலிருந்து ஓடவிட்டு அதற்கு மேலே பாடுவார்கள். குரல் போதாதவர்களுக்கு, உண்மையான பாடகரின் குரலையும் அடியில் மெல்லியதாக ஓடவிடுவார் டீஜே. பாடுகிறவர் எங்கேயாவது சறுக்கினால் அந்தக் குரலைக் கொஞ்சம் கூட்டி, இவருடைய மைக்கைக் கொஞ்சம் குறைத்துவிடுவார். அது ஒரு ஊன்றுகோல். பாடுகிறவருக்கும் தெரியும், கேட்கிறவர்களுக்கும் தெரியும், யாரும் அதைக் கதைப்பதில்லை. எங்கள் ஆட்களிலே பேர் பெற்ற பாடகர்கள் பாதிப் பேர் இப்படித்தான். இவருக்கு இந்த விசயம் தெரியாது. இவரை யார் ஒரு விழாவிலே பாடக் கூப்பிட்டார்கள், தெரிவதற்கு?

வரவேற்பு அன்று மண்டபம் நிறைந்திருந்தது. கேக் வெட்டி முடிந்ததும் அறிவிப்பாளர் மணமகளின் தந்தை பாடுவார் என்று சொன்னார். இவர் கோட்டும் சூட்டுமாகக் கிற்றாரைத் தூக்கிக்கொண்டு மேடைக்குப் போனார். மேடையின் ஒரு பக்கத்தில் அலங்கரித்த கதிரைகளில் மகளும் மருமகனும் இருந்தார்கள். நான் முன்வரிசையில் சம்பந்தியம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். இவர் மைக்கைத் தட்டிப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். அந்தச் செருமல் மண்டபம் முழுக்கக் கேட்டது. அன்றைக்கு அவருடைய தொண்டையிலிருந்து எல்லோருக்கும் சரியாகக் கேட்டது அதுவும் அடுத்து வந்த ஒரு வரியும்தான்.

தொடங்கினார். முதல் வரி எனக்குப் பழக்கமான ஈரச்சாக்குத்தான். இரண்டாவது வரியில் அவருடைய குரலுக்குள் வேறொரு குரல் வந்தது. மூன்றாவது வரியில் அவருடைய குரல் இல்லை. ஒலிபெருக்கியிலிருந்து அந்த இங்கிலாந்துப் பெடியன் பாடிக்கொண்டிருந்தான், கிற்றாரும் அவர்களுடையது. நான் திரும்பி டீஜேயைப் பார்த்தேன். அவன் ஒரு கையால் பொத்தானைத் தள்ளிக்கொண்டே மற்றக் கையால் கோலா குடித்தான். சனம் கைதட்டியது. இவர் கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தார். மேடையில் சத்தம் எப்படிக் கேட்குமோ தெரியாது. தன் குரல்தான் நல்ல கருவிகளில் இப்படி வருகிறது என்று நினைத்திருப்பார். அந்தக் கொஞ்ச நேரம் அவருடைய முகத்தில் இருந்த சந்தோசத்தை எங்கள் கல்யாணத்தன்று கூட நான் காணவில்லை.

எஃப் வந்தது.

அவர் வழக்கம்போல நிறுத்தினார். வாயை மூடிக்கொண்டு, குனிந்து, விரல்களைத் தேடத் தொடங்கினார். பாட்டு நிற்கவில்லை. அவர் வாய் மூடியபடி நிற்க, மண்டபம் முழுக்க அவர் பாடிக்கொண்டிருந்தார். அவர் நிமிர்ந்தார். ஒலிபெருக்கியைப் பார்த்தார். கிற்றாரைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். முன்வரிசையில் இரண்டு பெட்டைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், நாலைந்து ரெலிபோன்கள் மேலே போயின. மகள் சிரித்த முகம் மாறாமல், மடியில் இருந்த கையை மெல்ல எடுத்து, ஒரு விரலால் வட்டம் சுழற்றிக் காட்டினாள். நிற்காமல் செய்யுங்கோ என்று அதற்கு அர்த்தம். அவள்தான் ஏற்பாடு செய்திருக்கிறாள் என்பது எனக்கு அந்த விரலில்தான் தெரிந்தது. அவருக்கும் அப்போதுதான் தெரிந்திருக்கும்.

அவர் கீழே இறங்கிவிடுவார் என்று நினைத்தேன். இறங்க வேண்டும் என்று கடவுளைக் கும்பிட்டேன். அவர் மைக்குக்குக் கிட்டப் போய் வாயைத் திறந்தார். மிச்சப் பாட்டு முழுவதும் அந்தப் பெடியன் பாட, இவர் வாயசைத்தார். பிள்ளை சொன்னதைச் செய்தார். முடிந்ததும் சனம் எழுந்து நின்று கைதட்டியது. குனிந்து கும்பிட்டார்.

சம்பந்தியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ரொம்ப ரொம்ப நல்லா பாடினாருங்க. கண்ண மூடிட்டு கேட்டா ஒரிஜினல் சிங்கர்தான்னு நினைச்சிருப்பேன். சோ ஸ்வீட்" என்றார். அவர் முன்வரிசையில் கண்ணைத் திறந்துகொண்டுதான் இருந்தார்.

உடுப்பு மாற்றுகிற அறையில் மகளைப் பிடித்தேன்.

"என்னடி செய்தனி?"

"அம்மா, கத்தாதேங்கோ. எல்லாருக்கும் இப்பிடித்தானே செய்யிறவை. அப்பாவும் பாடினார், ஆக்களும் பெரிசாச் சிரிக்கேல்லை. எல்லாருக்கும் நல்லதுதானே."

"நான் இவ்வளவு வருசமும் சிரிச்சனான். அதிலை அவருக்கு ஒண்டும் குறையேல்லை. நீ சிரிக்காமலே அந்தாளின்ரை வாயை அடைச்சுப்போட்டாய்."

"நீங்கள் செய்தது மட்டும் நல்லதோ?" என்றாள். கண் மை கரையக்கூடாது என்று அண்ணாந்துகொண்டாள். பின்னலை அவிழ்க்க வந்த பெண் கதவடியில் நின்றதால் நான் வெளியே வந்துவிட்டேன். அவள் கேட்ட கேள்விக்கு இன்றுவரை நான் பதில் சொல்லவில்லை. நான் கொடுமைக்காரிதான். ஆனால் என் கொடுமையெல்லாம் முகத்துக்கு நேரே நடந்தது. அவர் திருப்பிச் சொல்லலாம், சிரிக்கலாம், எழும்பிக் கெல்லருக்குப் போகலாம். அவள் சிரித்துக்கொண்டு செய்ததற்கு அவர் எங்கே போவது?

வீட்டுக்கு வருகிற வழியில் காரை அவர்தான் ஓட்டினார். கிற்றார் பின்சீற்றில் கிடந்தது. எங்கள் தெருவுக்குத் திரும்புகிறபோது, "அந்த இடத்திலை நான் நிண்டிருக்கக் கூடாது" என்றார். "நான் நிண்டபடியால்தான் ஆக்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. பிள்ளைக்குத்தான் மரியாதைக் குறைவு." பிழை தன்னுடையது என்று முடிவெடுத்துவிட்டார்.

கல்யாண வீடியோ சில மாதங்களுக்குப் பிறகு வந்தது. வீடியோக்காரர் கெட்டிக்காரர். பாட்டு முழுவதற்கும் அந்தச் சிங்கிளையே நேராகப் போட்டுவிட்டு, எஃப் வருகிற இடத்தில் கேக்கையும் பூக்களையும் மருமகனின் சப்பாத்தையும் காட்டியிருந்தார். பார்க்கிறவர்களுக்கு என் கணவர் ஓர் இடத்திலும் நிற்காமல் அந்த நாலரை நிமிடத்தையும் பாடி முடிக்கிறார். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் அடித்தார்கள். "அண்ணை, உங்களுக்குள்ளை இப்பிடி ஒரு ஆளை ஒளிச்சு வைச்சிருந்தனீங்களோ!" என்று கேட்டார்கள். முதல் இரண்டு பேருக்கு அவர், "இல்லை, அது நான்..." என்று தொடங்கினார். அவர்கள் அவரை முடிக்க விடவில்லை. தன்னடக்கம் என்று சிரித்தார்கள். பிறகு வந்த அழைப்புகளுக்கு, "ஓம், சும்மா பழகினது" என்று சொல்லப் பழகிக்கொண்டார்.

கெல்லருக்குப் போவது நின்றுவிட்டது. வேலை முடிந்து வந்தால் சாப்பிட்டுவிட்டு ரீவிக்கு முன்னால் இருப்பார். கையைச் சுடுதண்ணீரில் வைப்பதும் இல்லை. போய் ஏதாவது வாசியுங்கோ என்று நானே இரண்டு தரம் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், இதையும் பகிடி என்றுதான் எடுத்தார் என்று தெரிந்தது. இத்தனை வருடப் பேச்சுக்கு அதைவிட வேறெதை நான் எதிர்பார்க்க முடியும்?

இந்தக் கோடையில் மகள் அடித்தாள். சம்பந்திக்கு அறுபது முடிகிறது. அவர்கள் ஸ்டுட்கார்ட்டில் வந்து நிற்கிறார்கள், அங்கேயே ஒரு மண்டபம் எடுத்து விழா வைக்கப்போகிறார்கள். ரெலிபோனை ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"அப்பா, மாமா ஆசைப்பட்டுக் கேக்கிறார். நீங்கள் அந்தப் பாட்டைப் பாட வேணுமாம். கலியாணத்திலை பாடின மாதிரியே."

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏலாது என்று சொல்லுங்கோ என்று மனதுக்குள் கத்தினேன். அவர் ரீவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"அதே டீஜேயோ பிள்ளை?"

"ஓம் அப்பா. அவரைத்தான் பிடிச்சிருக்கிறம்."

"அப்ப சரி" என்றார்.

அடுத்த நாள் வேலை முடிந்து வந்து, கையைச் சுடுதண்ணீரில் வைக்காமலே கெல்லருக்கு இறங்கினார். எனக்கு ஒரு நிம்மதி வந்தது உண்மை. எப்படியோ திரும்பக் கிற்றாரைத் தொட்டுவிட்டார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பொறுத்து, தோய்க்க வேண்டிய உடுப்புகளைக் கூடையில் போட்டுக்கொண்டு நானும் இறங்கினேன். 'நேற்றையைவிட மோசம்' என்று சொல்லவேண்டும் என்று எனக்கு ஆசையாகவே இருந்தது.

படியில் வரும்போது அவருடைய சத்தம் கேட்கவில்லை. அந்தப் பெடியனின் குரல்தான் சின்னதாகக் கேட்டது. கதவடியில் நின்று பார்த்தேன். எங்கள் மெசினுக்கு மேலே ரெலிபோனை வைத்துப் பாட்டை ஓடவிட்டிருந்தார். மெசினின் வட்டக் கண்ணாடிக்கு முன்னால், கிற்றாரை மாட்டிக்கொண்டு, முழந்தாளை மடித்துக் குனிந்து, அதில் தன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கை கிற்றாரின் கழுத்தில் மேலும் கீழும் போய்வந்தது. ஒரு விரலும் கம்பியை அழுத்தவில்லை. தொண்டையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. உதடுகள் மட்டும் அசைந்தன.

இத்தனை வருடம் கேட்டுக் கேட்டு அந்தப் பாட்டு எனக்கும் மனப்பாடம். எஃப் வருகிற இடம் வந்தது. கூடையைப் பிடித்தபடி நான் காத்து நின்றேன். அவர் நிற்கவில்லை.

பாட்டு முடிந்ததும் கண்ணாடியில் என்னைக் கண்டுவிட்டுத் திரும்பினார்.

"எப்பிடி?" என்றார். "வாய் பொருந்துதோ?"

"ஓம்" என்றேன். "அச்சொட்டாப் பொருந்துது."

அவர் தலையாட்டிவிட்டுப் பாட்டைத் திரும்பத் தொடக்கத்துக்குக் கொண்டுபோனார். நான் மெசினைத் திறந்து உடுப்புகளைப் போட்டேன்.